மல்லிக்கு எந்தப் பொலிக்குதிரை: முகமா, முதுகா?

குப்பனூர்_ரோடு
ஜூன் 9, இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசமா இங்க படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இன்னிக்குத்தான் எழுத வாய்ச்சுது.

எங்கிட்ட ஒரு அரபுப் பெட்டை இருக்கா, பேரு மல்லி. 7 வயசு, இப்ப முழு வெள்ளை, 14.3 ஹேண்ட் (59 அங்குலம்) உசரம். சந்தையில "பியூர் அரபு"ன்னு வாய்லயே சொல்லி விக்கிற ரகம் இல்ல. தாய், தகப்பன் டிஎன்ஏ ஒத்துப்போன பதிவுப் பேப்பரோட வாங்கினது. ஏற்காட்டு அடிவாரத்துல, குப்பனூர் பக்கம் எங்க தென்னந்தோப்புல லாயம். குதிரைமசால் கொஞ்சம் போட்டிருக்கேன், கொள்ளும் தவிடும் வெளிய வாங்கறது.

இந்த வருசம் ஒரு குட்டி எடுக்கலாம்னு இருக்கேன். ரெண்டு பொலிக்குதிரை அமைஞ்சிருக்கு. ரெண்டுமே கர்நாடகா பக்கம், ரெண்டுக்கும் பேப்பர் சரியா இருக்கு. ஒண்ணு காட்சிக் குதிரை, அழகுப் போட்டிக்குன்னு வளத்தது. நெத்திக்கும் மூக்குக்கும் நடுவுல கிண்ணம் வெச்சு அமுக்கின மாதிரி குழி, கண்ணு கோலிக்குண்டு, வாலைத் தூக்கிட்டு மிதந்து வரும். அது மேல இன்னிக்கு வரைக்கும் யாரும் ஏறினதில்ல. இன்னொண்ணு 80 கி.மீ. எண்டூரன்ஸ் (நெடுந்தூர ஓட்டப் போட்டி) ஓடி முடிச்சது, காலெல்லாம் கடப்பாரை. ஆனா தலை? எங்க வீட்டம்மா போட்டோ பாத்துட்டு, "இது கழுதைக்குப் பெரியப்பனா"ன்னு கேட்டாங்க. முதல் குதிரைக்குக் கேக்கிற பணம் ரெண்டாவதைப் போல மூணு பங்கு.

எங்கப்பா ஒரு காலத்துல ரேக்ளா மாடு வெச்சிருந்தவர். "கால் இல்லாத அழகு பத்திரிகையில போட்டோ போடத்தான் ஆகும்"ங்கறார். வீட்ல ரெண்டு கட்சி ஆயிருச்சு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

அந்தியூர்_சந்தை
ஜூன் 9, இரவு 10:15

சுழி பாத்தீங்களா தம்பி? ரெண்டு குதிரைக்கும் சுழி போட்டோ அனுப்புங்க, அப்புறம் பேசலாம்.

நான் உள்ளதைச் சொல்றேன். ஆடி மாசம் குருநாதசாமி தேருக்கு எங்க ஊருக்கு வந்து நில்லுங்க. குதிரை வாங்க வர்றவன் என்ன கேக்கிறான்? நிறம், உசரம், சுழி, பஞ்சகல்யாணியா (நாலு காலும் முகமும் வெள்ளையா), காலெடுத்து ஆடுமா. 80 கிலோமீட்டர் ஓடுமான்னு 20 வருசத்துல ஒருத்தன் எங்கிட்ட கேட்டதில்ல. இப்ப போன் வந்ததுக்கப்புறம் இன்னும் மோசம், மூஞ்சி வீடியோ பாத்தே அட்வான்ஸ் போடறான். குட்டியை விக்கப் போறீங்கன்னா முகத்துக்குப் போங்க. வெச்சுக்கப் போறீங்கன்னா உங்க இஷ்டம்.

---

தட்டுவடை_செட்
ஜூன் 9, இரவு 10:31

அண்ணா, ஈமு கோழியும் வீடியோவுல நல்லாத்தான் ஓடுச்சு 😀

---

மலைக்காத்து
ஜூன் 10, காலை 6:20

குப்பனூர் தம்பி, முகமா முதுகான்னு கேள்வியைப் பிரிச்ச இடத்துலயே கொஞ்சம் சிக்கல் இருக்குங்க. அரபுக் குதிரையில நாம அழகுன்னு சொல்றதுல பாதி, பாலைவனத்துல வேலை செஞ்சு வந்த அழகு.

மூக்குத் துவாரத்தைப் பாருங்க. சும்மா நிக்கும்போது கீறல் மாதிரி இருக்கும், ஓடும்போது நல்லா அகலமா விரியும். குதிரைக்கு வாயால மூச்சு விட முடியாது, மூக்கு ஒண்ணுதான் வழி. அப்ப விரிஞ்ச மூக்கு அழகா, இன்ஜினா? ரெண்டு தாடை எலும்புக்கும் நடுவுல கைமுஷ்டி போகணும்னு பழைய ஆளுங்க அளந்து பாப்பாங்க. அங்க இடம் இருந்தாத்தான் தலையை மடக்கிக் கடிவாளத்துக்கு இணங்கும்போது தொண்டை நெரியாது. தலையும் கழுத்தும் சேர்ற அந்த வளைவுக்கு அரபுக்காரங்க "மித்பா"ன்னு தனிப் பேரே வெச்சிருக்காங்க. நெத்தி மேட்டுக்கு "ஜிப்பா". குட்டை முதுகு ஏறி உக்கார்றவங்களைத் தாங்கறதுக்கு. தூக்கின வாலுக்கு மட்டும் எனக்கு இன்னும் வேலை ஒண்ணும் பிடிபடல, அது சும்மா திமிரு. இருந்துட்டுப் போகட்டும்.

தப்பு எங்க நடக்குதுன்னா, அளவா இருந்ததை நடுவர் ரசிச்சார்னு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு இழுக்கிறதுல. 2017ல அமெரிக்காவுல எல் ரே மேக்னம்னு ஒரு குட்டியோட படம் உலகம் பூரா சுத்துச்சு. மூக்கு எலும்பு அப்படியே உள்வாங்கி, கடல்குதிரை பொம்மை மாதிரி. அழகின் உச்சம்னு ஒரு கூட்டம், இது மூச்சு விடுமான்னு ஒரு கூட்டம். கால்நடை மருத்துவர்களே வெளிப்படையாக் கவலைப்பட்டாங்க. கிண்ணம் அளவு குழி வேற, சட்டி அளவு குழி வேற.

உங்க காட்சிக் குதிரைக்கு எந்த அளவுன்னு பக்கவாட்டுப் போட்டோ போடுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு. மல்லி மேல நீங்க இதுவரைக்கும் எத்தனை கிலோமீட்டர் போயிருக்கீங்க? அதை எழுதவே இல்லையே.

---

ஷார்ஜா_லாயம்
ஜூன் 10, காலை 11:05

நம்ம ஊரு ஆத்தூர். 9 வருசமா இங்க ஒரு பெரிய லாயத்துல தீவனக் கணக்குப் பாக்கிறேன். முதலாளி பேரு வேண்டாம்.

எங்ககிட்ட ரெண்டு லாயம். ஒண்ணு காட்சிக்கு, ஒண்ணு எண்டூரன்ஸுக்கு. நடுவுல ஒரு ரோடுதான். புதுசா வர்ற பசங்க ரெண்டையும் பாத்துட்டு, "அண்ணா இது ரெண்டும் ஒரே ஜாதியா"ன்னு கேப்பாங்க. காட்சி லாயத்துக் குதிரைக்கு ஏசி, முகத்துல முடி மழிச்சு, கண்ணைச் சுத்தி எண்ணெய் தேய்ச்சு மினுக்குவோம். ஒரு வயசு, ரெண்டு வயசுக் குட்டியே பட்டம் வாங்கிரும். அது மேல சேணம் வெக்கிற வயசு வர்றதுக்குள்ள பொலிக்குப் போயிரும். ஓடற லாயத்துக் குதிரைங்க பிரான்ஸ், ஆஸ்திரேலியா, உருகுவேன்னு எங்கெங்கிருந்தோ வரும். தலை நீளம், கழுத்து ஒல்லி, பாக்க ஒண்ணுமில்ல. 160 கி.மீ. ஒரே நாள்ல ஓடிட்டு சாயங்காலம் தீவனம் தின்னும்.

நடுவருங்க மார்க் போடற விதத்தைப் பாருங்க, எல்லாம் விளங்கிரும். ஐரோப்பியக் காட்சி முறையில அஞ்சு தலைப்பு: இனச்சாயல், தலையும் கழுத்தும், உடம்பும் முதுகுக்கோடும், கால், நடை. ஒவ்வொண்ணுக்கும் 20. பாக்க நியாயமாத்தான் தெரியும். ஆனா இனச்சாயல்னு எதைப் பாக்கிறாங்க? முகத்தைத்தான். அப்ப முகத்துக்கு ரெண்டு வாட்டி மார்க். காலுக்கு எல்லாக் குதிரைக்கும் 14, 15ன்னு போட்டுட்டுப் போயிருவாங்க. கால் கோணலா இருந்தாலும் முகத்துல 20 வாங்கிச் சரிக்கட்டிரலாம். பத்தாவதுல கணக்குல பெயிலாகி தமிழ்ல சேத்து வாங்கிப் பாஸ் பண்ற மாதிரி.

---

டாக்டர்_குளம்பு
ஜூன் 10, மதியம் 2:48

கால்நடை மருத்துவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முகம், முதுகு இரண்டுக்கும் முன்னால் ரத்தம்.

அரபு இனத்தில் ஒடுங்கு மரபணுவால் வரும் நோய்கள் சில உண்டு. எஸ்சிஐடி என்பது பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமை. குட்டி பிறக்கும்போது நன்றாகவே இருக்கும், தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி தீர்ந்ததும் ஏதாவது ஒரு தொற்றில் ஐந்தாறு மாதத்துக்குள் போய்விடும். இதற்கு 1997 முதல் டிஎன்ஏ சோதனை இருக்கிறது. அடுத்து சிறுமூளை செல்கள் சாகும் 'செரிபெல்லர் அபயோட்ரோபி', சுருக்கமாக சிஏ. பிறந்து சில வாரமோ சில மாதமோ கழித்துத் தலை ஆட ஆரம்பிக்கும், கால் வைக்கிற தூரம் தெரியாது. உயிரோடு இருக்கும், ஆனால் அதன் மேல் யாரும் ஏறக் கூடாது. எகிப்திய வழியில் அதிகம் காண்பது 'லாவண்டர் ஃபோல்'. வெளிறிய ஊதா மினுமினுப்போடு பிறக்கும், எழுந்து நிற்கவே நிற்காது.

இவற்றில் ஒரு மரபணு மட்டும் சுமக்கும் குதிரை முழு ஆரோக்கியமாக இருக்கும். காட்சியிலும் ஜெயிக்கும், எண்டூரன்ஸும் ஓடும். சுமக்கிற இரண்டைச் சேர்த்தால்தான் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் நோயுள்ள குட்டி. எனவே மல்லிக்கும், நீங்கள் பார்க்கும் குதிரைகளுக்கும் வேரோடு பிடுங்கிய முடி எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள். முடிவு கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். அப்பா இன்னும் மாடு வைத்திருக்கிறாரா? மாட்டுத் தொழுவமும் லாயமும் ஒட்டி இருந்தால் கொசுவைக் கட்டுப்படுத்துங்கள். மாட்டு வயிற்றில் சும்மா இருக்கும் ஒரு புழு, கொசு வழியாகக் குதிரைக்கு வந்தால் தண்டுவடத்தில் புகுந்து இடுப்பை முடக்கிவிடும். 'கும்ரி' என்பார்கள். நம் பக்கம் பார்த்திருக்கிறேன்.

---

குப்பனூர்_ரோடு
ஜூன் 10, இரவு 8:55

டாக்டர் சார், நன்றிங்க. மாடு ரெண்டு இருக்கு, தொழுவம் 20 அடியில. நாளைக்கே யோசிக்கிறேன்.

மலைக்காத்து அக்கா, கேப்பீங்கன்னு தெரியும். உண்மையைச் சொல்லிடறேன். மல்லி மேல அதிகமாப் போனது 5 கி.மீ. தோப்பைச் சுத்தி, ஊர்ப் பாதையில கொஞ்சம். முந்தி வெச்சிருந்தவங்க அவளைப் போட்டோவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும்தான் பழக்கியிருந்தாங்க.

---

மலைக்காத்து
ஜூன் 10, இரவு 9:10

அப்ப கேள்வி பொலிக்குதிரையைப் பத்தினதே இல்ல தம்பி. உங்களுக்கு இன்னும் மல்லியையே தெரியல. தாயோட குறை என்னன்னு தெரியாம அதை நிரப்பற தகப்பனை எப்படித் தேடுவீங்க?

போலந்துக்காரங்களைப் பாருங்க. யானோவ் போட்லாஸ்கி பண்ணை 1817ல ஆரம்பிச்சது. அங்க பொறந்த குட்டிங்களை வார்சாவுல ஸ்லூஷெவியத்ஸ் பந்தயத்துக்கு அனுப்பி ஓட்டிப் பாத்துட்டுத்தான் இனப்பெருக்கத்துக்குத் திருப்பிக் கொண்டாருவாங்க. முக்கியமா, பெட்டைங்களையும் ஓட்டுவாங்க. பந்தயத்துல ஜெயிக்கணும்னு இல்ல. பயிற்சி தாங்குதா, கால் நிக்குதா, தின்னுதா, குணம் கெடுதா, இதெல்லாம் தெரியணும். அதே நாட்டுல, அல்பிகோவா பண்ணையிலேருந்து வந்ததுதான் பாஸ்க். 1956ல பொறந்து, போலந்துல பந்தயம் ஓடி, 1963ல அமெரிக்கா போச்சு. 1964ல அழகுக்கு தேசியப் பட்டம், 1965ல சேணத்தோட, காலைத் தூக்கி நடந்து காட்டற 'பார்க்' பிரிவுல தேசியப் பட்டம். ரெண்டும் ஒரே குதிரைக்கு. அவ்வளவு அழகான குதிரைன்னு பத்திரமா நிழல்ல கட்டி வெச்சிருந்தா அது முதுகு என்ன தாங்கும்னு யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

---

ஷார்ஜா_லாயம்
ஜூன் 11, காலை 10:22

அக்கா சொல்றதுல முக்கால்வாசி ஒத்துக்கிறேன். கால்வாசிக்குச் சண்டை.

ஓட்டம் ஓட்டம்னு மட்டும் போனா என்ன ஆகும்னு நான் தினம் பாக்கிறேன். பந்தயத்துக்குன்னே வளத்த அரபுங்க சிலதைப் பாத்தா தரோபிரெட் (ரேஸ் குதிரை ஜாதி) தம்பி மாதிரி இருக்கும். பேப்பர் இல்லேன்னா அரபுன்னு சொல்ல மாட்டீங்க. இது நெசமாவே சுத்த ரத்தமான்னு உலகம் பூரா பஞ்சாயத்து ஓடிருக்கு. வேகம்தான் வேணும்னா அதுக்கு வேற ஜாதி இருக்கே, அரபு எதுக்கு? அந்த முகமும் மனுசனைத் தேடி வர்ற அந்தக் குணமும் போயிருச்சுன்னா, அது 80 கிலோமீட்டர் ஓடற வெறும் நாலு கால்.

ஓட்ட லாயமும் ஒண்ணும் கோயில் இல்லக்கா. தட்டையான மணல் பாதையில வெறி பிடிச்ச மாதிரி வேகம், கால் எலும்பு முறிஞ்சு விழுந்தது, மருந்து விவகாரம்னு ஆகி 2015ல சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் இந்த அமீரக நாட்டுச் சங்கத்தையே கொஞ்ச காலம் நிறுத்தி வெச்சுது.

---

மலைக்காத்து
ஜூன் 11, மாலை 7:40

அது வேகத்துக்கு வந்த வினை, வேலைக்கு வந்தது இல்ல. அமெரிக்காவுல டெவிஸ் கோப்பைன்னு 1955லேருந்து நடக்குது. 100 மைல், மலைப்பாதை, 24 மணி நேரம். ஜெயிக்கிறது பெரும்பாலும் அரபு. அங்க முதல்ல வர்றதுக்கு ஒரு கோப்பை, முதல் பத்துல நல்ல தெம்போட இருக்கிற குதிரைக்கு ஹேகின் கோப்பைன்னு தனியா இன்னொண்ணு. எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும். அதைக் குறி வெச்சு வளர்த்தா உங்க மணல் பாதைக் குதிரை வராது.

சுத்த ரத்தப் பஞ்சாயத்தைப் பத்தி நீங்க சொன்னது சரிதான்.

---

பழைய_சாயிஸ்
ஜூன் 12, காலை 5:50

வணக்கம். வயது 71. மகன் போனில் தட்டச்சு செய்து பழகிக்கொண்டேன், பிழை இருந்தால் பொறுக்கவும்.

என் தகப்பனார் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் குதிரைக்காரர். துரை ஊருக்குக் கிளம்பிய பிறகும் இரண்டு குதிரை கொஞ்ச காலம் இருந்தது. அப்பா புதுக் குதிரை வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டார். பின்னால் போய் நின்று, ஆளை விட்டு நடத்தச் சொல்லுவார். பிறகு முன்கால் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து முழங்காலில் இருந்து குளம்பு வரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே வருவார். கண் ஏமாறும், கை ஏமாறாது என்பார். கடைசியில்தான் எழுந்து முகத்தைப் பார்ப்பார். அழகாக இருந்தால் சிரிப்பார், அவ்வளவுதான்.

குதிரை வளர்ப்பு நம் ஜில்லாவுக்குப் புதிதல்ல. ஓசூர் கால்நடைப் பண்ணை 1824ல் ராணுவக் குதிரைக்காக ஆரம்பித்தது. அப்போது ஓசூர் சேலம் ஜில்லா. 1965ல் தருமபுரி பிரிந்தபோது போய்விட்டது.

அதற்கு வெகுகாலம் முன்னால் பாண்டிய நாட்டில் அரபு தேசத்துக் குதிரைகளைக் கப்பல் கப்பலாக இறக்கியதை மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சாதாம். லாடம் கட்ட ஆள் இல்லை, சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துப் போட்டார்களாம். பணம் கொடுத்து அழகு வாங்கலாம், பராமரிக்கத் தெரிந்த ஆளைக் கப்பலில் இறக்க முடியாது. குப்பனூர் தம்பி, உமக்கு லாடம் கட்டுவது யார்?

---

குப்பனூர்_ரோடு
ஜூன் 12, காலை 8:15

ஐயா, பெங்களூர்லேருந்து ஒருத்தர் 6 வாரத்துக்கு ஒரு தடவை வர்றார். வரலேன்னா 8 வாரமும் ஆயிடுது. அடுத்த தடவை அப்பா பண்ண மாதிரி தடவிப் பாக்கிறேன்.

---

தட்டுவடை_செட்
ஜூன் 12, காலை 9:30

ஈமுன்னு விளையாட்டாச் சொன்னேன், ஆனா இதே கதை அரபுக் குதிரையில நடந்திருக்கு. 1985ல அமெரிக்காவுல மட்டும் ஏறக்குறைய 30,000 அரபுக் குட்டிங்களைப் பதிவு பண்ணாங்க. நெறையப் பேரு குதிரை ஆசையில இல்ல, வரி மிச்சம் பிடிக்க. பணக்காரங்க லட்சக்கணக்கான டாலர் குடுத்து அழகுக் குதிரை வாங்கி நட்டக் கணக்குக் காட்டுவாங்க. 1986ல வரிச் சட்டத்தை மாத்தினாங்க, மொத்தமும் சரிஞ்சுது. ஆளை முதுகுல ஏத்திட்டுப் போகத் தெரியாத குதிரையை எவன் வாங்குவான்? ஓட்டப் பழக்கின குதிரைக்காவது யாராவது வீடு குடுத்தாங்க.

அந்தியூர் அண்ணா, கோவிச்சுக்காதீங்க. சந்தை கேக்குதுன்னு வளத்தா, சந்தை ஒரு நாள் கேக்காம விட்டுரும்.

---

அந்தியூர்_சந்தை
ஜூன் 12, காலை 9:52

கோவமெல்லாம் இல்ல தம்பி. ஆனா டாலர் கதை அமெரிக்காக்காரனுக்கு. இங்க நாளைக்குத் தீவனக் காசு வேணும். ஓட்டற குதிரை வாங்கற ஆளு சேலம், ஈரோடு, நாமக்கல் மூணு ஜில்லாவுலயும் சேத்து எத்தனை பேரு, விரல் விட்டு எண்ணுங்க. எண்ணிட்டு வந்து எனக்குப் புத்தி சொல்லுங்க.

---

டாக்டர்_குளம்பு
ஜூன் 12, இரவு 10:05

அந்தியூர் அண்ணன் சொல்வதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாங்குபவர் இல்லாத இனவிருத்தி நிலைக்காது.

ஆனால் கணக்கு ஒன்று உண்டு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத, சம முக்கியமான இரண்டு குணங்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொன்றிலும் கிடைக்கும் முன்னேற்றம் தனியாகத் தேர்ந்தெடுத்தால் கிடைப்பதில் சுமார் 71 சதம். நான்கு குணம் என்றால் பாதி. எல்லாம் வேண்டும் என்பவனுக்கு எல்லாம் மெதுவாகத்தான் வரும். 1942லேயே ஹேசல், லஷ் என்ற விலங்கு மரபியலாளர்கள் இருவரும் தேர்வு முறைகளை ஒப்பிட்டார்கள். முதலில் அழகை முடித்துவிட்டுப் பிறகு ஓட்டத்துக்கு வருவோம் என்று வரிசையாகப் போவதுதான் இருப்பதிலேயே பலவீனமான முறை. ஒவ்வொரு குணத்துக்கும் குறைந்தபட்ச மார்க் வைத்து அதற்குக் கீழே இருப்பதைக் கழிப்பது மேல். எல்லாவற்றையும் எடை போட்டு ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டுவது அதைவிடவும் மேல். ஆனால் ஷார்ஜா தம்பி காட்டிய காட்சி மார்க்கைப் போல எடையைத் தப்பாகப் போட்டால் அந்த முறையே கெடுதல்.

ஒரே ஒரு பெட்டை வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கெல்லாம் நேராகப் பொருந்தாது, இது மந்தைக்கு. உமக்குக் கழித்தல்தான் சுலபம். கால், மூச்சு, குணம், மரபணுச் சோதனை. நான்கில் ஒன்றில் தோற்றாலும் வேண்டாம். தேறியவற்றில் எது அழகோ அதை எடுத்துக்கொள்ளும். அழகைக் கடைசியாகப் பார்ப்பதாலே அது மட்டமாகிவிடாது. பழைய சாயிஸ் ஐயாவின் தகப்பனார் அதைத்தான் செய்திருக்கிறார்.

---

குப்பனூர்_ரோடு
ஆகஸ்ட் 24, இரவு 9:20

ரெண்டு மாசமாச்சு. இழையை மறக்கல.

மலைக்காத்து அக்கா நேர்ல வந்து காட்டிக் குடுத்தாங்க. முதல் மூணு வாரம் வெறும் நடை. அப்புறம் விடியக் காத்தால 5 மணிக்கு குப்பனூர் ரோட்டுல மலை ஏத்தம், இறங்கும்போது நான் இறங்கி அவளைப் பிடிச்சுட்டு நடந்தே வருவேன். தார் ரோட்டு இறக்கத்துல முன்கால்ல விழற அடி அதிகம்னு அக்கா கண்டிசன்.

ஜூலை கடைசியில முதல் சோதனை. 20 கி.மீ., பாதி ஏத்தம். நின்னு 20 நிமிசம் கழிச்சும் இதயத் துடிப்பு 68. எண்டூரன்ஸ்ல 64க்குள்ள வரணுமே, பெயில். நேத்து அதே 20 கி.மீ. 10 நிமிசத்துல 56. அக்கா 40 மீட்டர் ஓட்டி 40 மீட்டர் திருப்பி, ஒரு நிமிசம் கழிச்சு மறுபடி எண்ணினாங்க, ஏறல. எனக்குத்தான் நெஞ்சு படபடன்னு அடிச்சுது.

மூச்சு, மனசு ரெண்டுலயும் மல்லி தங்கம். கல்யாண ஊர்வலத்துல பேண்டு செட்டும் வேட்டும் கேட்டு வளந்தவ, பஸ்ஸு ஆரன் அடிச்சாக் காதைக்கூடத் திருப்பல. ஆனா சாயிஸ் ஐயா சொன்ன மாதிரி லாடக்காரரும் நானும் கை வெச்சுப் பாத்தோம். முன்கால் முழங்கால் லேசாப் பின்னால சாய்ஞ்சிருக்கு. பக்கவாட்டுல நின்னு பாத்தாத்தான் தெரியும். இவ்வளவு நாள் முகத்தையே பாத்துட்டு இருந்திருக்கேன். நீண்ட ஏத்தத்துக்கு மறுநாள் வலது முன்கால்ல தசைநாண் பக்கம் கொஞ்சம் சூடு. ரெண்டு நாள் ஓய்வுல சரியாயிடுது.

இப்ப எனக்குத் தெரியும் தகப்பன்கிட்ட என்ன தேடணும்னு.

---

மலைக்காத்து
ஆகஸ்ட் 24, இரவு 9:48

அந்தச் சூட்டை லேசா விடாதீங்க. தூரத்தை ஏத்தாம, வாரத்துக்கு மூணு நாளோட நிறுத்துங்க. மத்தபடி, தம்பி முகத்துல அன்னிக்கு இருந்த வெளிச்சத்தை நான் போட்டோ எடுத்திருக்கணும்.

---

குப்பனூர்_ரோடு
நவம்பர் 17, இரவு 10:30

ரெண்டு குதிரையையும் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

காட்சிக் குதிரை முதல்ல. போறதுக்கு முன்னாடி அவங்க அனுப்பின வீடியோ எல்லாத்தையும் மறுபடி பாத்தேன். 14 வீடியோ. ஒண்ணுலயாவது கால் முழுசாத் தெரியணுமே? எல்லாத்துலயும் புல்லு, இல்லேன்னா ஃப்ரேம் முழங்காலோட முடியுது. சரி, கால்லதான் குறைன்னு முடிவு கட்டிட்டுப் போனேன். அங்க போய்ப் பாத்தா கால் நல்லா இருக்கு! மல்லியை விட நல்ல முழங்கால். முகக் குழியும் கிண்ண அளவுதான், தாடைக்கு நடுவுல என் முஷ்டி தாராளமாப் போச்சு. மனசு ஆடிப் போச்சு, எடுத்துறலாம்னு தோணிருச்சு.

அப்ப ஒரு ஈ ஓட்டக் கையைத் தூக்கினேன். குதிரை அப்படியே பின்வாங்கி மூலையில போய் ஒடுங்கிட்டு, கண்ணு வெள்ளை தெரிய நடுங்குது. காட்சியில கழுத்தை நீட்டி நிக்க வெக்கறதுக்கு எப்படிப் பழக்கியிருப்பாங்கன்னு புரிஞ்சுது. இது பொறவியா, பழக்கினதாலயான்னு எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியல. பழக்கினதுன்னா குட்டிக்கு வராது, அது எனக்கும் தெரியும். சேணம் வெச்சு ஒரு தடவை நடத்திக் காட்ட முடியுமான்னு கேட்டேன். "இது அந்த மாதிரி குதிரை இல்ல சார்"னுட்டாங்க.

ரெண்டாவது குதிரை, கழுதைக்குப் பெரியப்பன். நேர்ல அவ்வளவு மோசமில்ல. தலை நேர் கோடு, கண்ணு பெருசு, மூக்குத் துவாரம் அருமை. ஒரு சின்னப் பொண்ணு அது மேல உக்காந்து பாடப் புத்தகம் படிச்சுட்டிருந்துச்சு. நானும் ஏறிப் பாத்தேன். முதுகு சோபா மாதிரி. முழங்கால் நேரா, கீழ் எலும்பு குட்டையா, தடிமனா இருக்கு. மல்லிக்கு எது வேணுமோ அதே.

ஆனா டாக்டர் சார் சொன்ன சோதனை முடிவு வந்துச்சு. மல்லி எல்லாத்துலயும் சுத்தம். இந்தக் குதிரை சிஏ மரபணு ஒண்ணு சுமக்குது. என்னங்க பண்றது?

---

டாக்டர்_குளம்பு
நவம்பர் 18, காலை 7:05

மல்லி சுத்தம் என்பதால் நோயுள்ள குட்டி பிறக்காது. பிறக்கும் குட்டி அந்த மரபணுவைச் சுமக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. சுமக்கும் நல்ல குதிரைகளை எல்லாம் ஒரேயடியாக ஒதுக்கினால் ஏற்கெனவே குறுகிய ரத்த வட்டம் இன்னும் குறுகிப் போகும். அது வேறு நோய்களுக்குக் கதவு திறப்பது. தாராளமாகச் சேருங்கள். ஆனால் குட்டிக்குச் சோதனை செய்து, முடிவைப் பேப்பரோடு கொடுங்கள். விற்றாலும் மறைக்காதீர்கள்.

---

ஷார்ஜா_லாயம்
நவம்பர் 18, காலை 11:40

அந்தக் காட்சிக் குதிரையை நெனச்சா மனசு கனக்குது. ஆறு மாசம் நல்ல கைல குடுத்தா அதுவும் முதுகு காட்டியிருக்கும். அழகை வளத்தவங்க மேல தப்பில்ல, அதை வேலைக்கு ஆகாதுன்னு முடிவு கட்டினவங்க மேலதான் தப்பு. எகிப்துலேருந்து ரஷ்யாவுக்கு அன்பளிப்பாப் போச்சே அஸ்வான், 1963ல, எகிப்து அதிபர் நாசர் குடுத்தது. நசீர்ங்கற பேர்போன பொலிக்குதிரையோட மகன், அழகுன்னா அப்படி ஒரு அழகு. அங்க டெர்ஸ்க் குதிரைப் பண்ணைக்காரங்க அவனை பொம்மை மாதிரி வெச்சுக்கல. அவன் குட்டிங்களையும் பந்தயத்துக்குப் பழக்கினாங்க. அதனாலதான் இன்னிக்கும் அந்தப் பேரு நிக்குது.

---

மலைக்காத்து
நவம்பர் 18, மதியம் 12:02

இதுல சண்டை இல்ல. ஜூன்லயே இப்படிச் சொல்லியிருந்தா நாலு பதிவு மிச்சம்.

---

குப்பனூர்_ரோடு
ஜனவரி 6, இரவு 8:12

டிசம்பர்ல ரெண்டாவது குதிரைகிட்டதான் கூட்டிட்டுப் போனேன். 16வது நாள் ஸ்கேன், ஒத்தக் கரு, ரெட்டை இல்ல. கணக்குப்படி 11 மாசம், கார்த்திகையில வரும். வீட்டம்மா இன்னும் "தலை மட்டும் மல்லி மாதிரி வந்துறட்டும்"னு கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிட்டு இருக்காங்க. அப்பா, "கால் அவன மாதிரி"ன்னு தனியா வேண்டியிருக்காராம். அம்மனுக்கே குழப்பமாத்தான் இருக்கும். தொழுவத்தை தோப்போட அந்தக் கோடிக்கு மாத்தியாச்சு டாக்டர் சார்.

---

அந்தியூர்_சந்தை
ஜனவரி 6, இரவு 8:40

சந்தோசம் தம்பி. குட்டி பொறந்ததும் முதல் வீடியோ எனக்கு அனுப்பணும். முகம் பாத்துட்டு வெலை சொல்றேன்.

---

குப்பனூர்_ரோடு
ஜனவரி 6, இரவு 8:44

அனுப்பறேண்ணா. புல்லு இல்லாத இடத்துல நிக்க வெச்சு, குளம்புலேருந்து எடுக்க ஆரம்பிக்கிறேன். முகம் வர்ற வரைக்கும் பொறுமையாப் பாருங்க.